ஆறாவது பெயர்

எங்கள் வானொலி நிலையத்துக்குப் பத்தொன்பது வருடங்களில் ஐந்து பெயர்கள். ஆறாவது பெயர் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு வந்தது. அந்த நாளை வரிசையாக எழுதிவைக்க நினைக்கிறேன். எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன். என் வேலையிலிருந்தே தொடங்குகிறேன். அதில்தான் எனக்குச் சந்தேகம் கொஞ்சம் குறைவு.

நான் அங்கே பதிவேடு எழுதுபவள். ஒலிபரப்பு அறைக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் நடுவே ஒரு கண்ணாடிச் சுவர். அதற்கு இந்தப் பக்கம் என் மேசை. எத்தனை மணிக்கு எந்தப் பாட்டு, எந்த விளம்பரம், எப்போது செய்தி, எப்போது நிலையத்தின் பெயர் சொல்லப்பட்டது என்று ஒவ்வொன்றையும் நிமிடக் கணக்கில் எழுத வேண்டும். அதனால் அங்கே எனக்கு ‘நிமிஷம்’ என்று பெயர். வீட்டிலும் அது பரவிவிட்டது.

பரவியதற்குக் காரணம், கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் என் அண்ணி. பதின்மூன்று வருடமாகக் காலை அறிவிப்பாளர். அவர் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் பள்ளிக்கூடப் பையைச் சுமந்துகொண்டிருந்தேன். இப்போது அண்ணி நாற்பதைத் தாண்டிவிட்டார். காலையில் ஒரே பேருந்தில் போகிறோம். மாலையில் அவர் வீட்டுக்குப் போவார், நான் வாரத்தில் மூன்று நாள் மாலை வகுப்புக்குப் போவேன். சின்னங்கள், எழுத்துருக்கள் வரையக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு. என் கோடுகள் இன்னும் நேராக வருவதில்லை. ஆனால் பயிற்சி நோட்டை ஒழுங்காக வைத்திருப்பவள் என்று எனக்கு அங்கே ஒரு மரியாதை உண்டு.

தினமும் பார்க்கிற ஒரு சின்னத்தின் கதையைத் தேடி எழுதிவரும்படி வகுப்பில் சொன்னார்கள். நான் நிலையத்தின் சின்னங்களை எடுத்துக்கொண்டேன். மாடிப்படிக்கு அடியில் இரும்பு அலமாரியில் பழைய பதிவேடுகள் எல்லாம் இருந்தன. பதினைந்து நாள் மதியச் சாப்பாட்டை அலமாரிக்குப் பக்கத்திலேயே சாப்பிட்டேன்.

முதல் பெயர் ‘நகர ஒலிபரப்பு நிலையம்’. சின்னம் ஒரு கோபுரம், அதன் உச்சியிலிருந்து மூன்று வளைவுகள். யாரோ அளவுகோலை வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்திருக்கிறார்கள். இரண்டாவது ‘புறா வானொலி’. வரைந்தவர் புறாவின் கழுத்தைக் கொஞ்சம் தடிமனாகப் போட்டுவிட்டார். ஐந்து வருடமும் ஊர் அதைக் ‘கோழி ரேடியோ’ என்றுதான் சொன்னது. ஆனால் அந்தப் பறவையின் கண் ஒரே ஒரு புள்ளிதான், எந்தப் பக்கம் நின்றாலும் நம்மைப் பார்க்கும். நானும் அப்படி ஒரு புள்ளி வைக்க முயன்றேன். என் பறவை தூங்குகிறது. மூன்றாவது ‘அலை’. ஐந்து நீலக் கோடுகள். கடைத்தெருவில் முடிவெட்டுபவர் அதைச் சீப்பு என்று நினைத்துத் தன் கடைக் கதவில் ஒட்டிக்கொண்டாராம். நான்காவது ‘ஜன்னல் எஃப்.எம்.’. நான்கு கட்டங்கள், ஒன்றில் மட்டும் மஞ்சள். யாரோ ஒருவர் வீட்டில் விளக்கு எரிகிறது என்று அர்த்தம். இவ்வளவு குறைவாகப் போட்டு இவ்வளவு சொல்ல முடியுமா என்று அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது ‘டக்கர் எஃப்.எம்.’. ஆரஞ்சு வட்டத்துக்குள் ஒரு மின்னல். ஒரு பெரியவர் அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, தன் தெருவில் இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை என்று புகார் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் புகாரும் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது.

இந்த ஐந்தும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓர் இடத்தில் இருந்தன. ஒலிவாங்கியின் கழுத்தில் மாட்டும் சின்ன மரப்பெட்டி அது. நாங்கள் அதை ‘டப்பா’ என்போம். அதன் நான்கு பக்கமும் நிலையத்தின் சின்னம் இருக்கும். பெயர் மாறும்போதெல்லாம் புதுப் பெட்டி செய்யாமல் பழையதன் மேலேயே புதிய தாளை ஒட்டிவந்ததில் டப்பா மூலைகள் மழுங்கி, வருடத்துக்கு வருடம் கொழுத்துக்கொண்டே வந்தது.

அலமாரியில் இன்னொன்றும் கிடைத்தது. எங்கள் நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெயர் மாறிய அன்று யாராவது வாய்தவறிப் பழைய பெயரைச் சொல்லிவிட்டால், பதிவேட்டில் அந்த இடத்தில் சிவப்பு மையால் ‘ப.பெ.’ என்று எழுத வேண்டும். பழைய பெயர் என்பதன் சுருக்கம். அதைச் சொன்னவர் அன்றைக்கு எல்லோருக்கும் தேநீர் போட வேண்டும். புறா வந்த அன்று பதினொரு ப.பெ. அப்போது அண்ணி வேலைக்குச் சேரவில்லை. அலை வந்த அன்று ஆறு, ஜன்னலுக்கு நான்கு, டக்கருக்கு இரண்டு. இந்தப் பன்னிரண்டும் அண்ணியுடையவை. அன்றெல்லாம் காலை முழுக்க ஒலிபரப்பியவர் அவர் ஒருவர்தான். ஆறு, நான்கு, இரண்டு என்று இறங்கிவந்த அந்த எண்கள் எனக்கு மிகவும் பிடித்துப்போயின. அழகாக ஓர் அட்டவணை போட்டு, சிவப்பு எண்களுக்குச் சிவப்பு மையே பயன்படுத்தி, காய்வதற்காக என் மேசைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

திரும்பி வந்தபோது அதை மேலாளர் படித்துக்கொண்டிருந்தார். எங்கள் நிலையத்தை வாங்கிய புதிய நிறுவனம் அனுப்பிய மேலாளர். வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. சத்தம் போடாத மனிதர்.

“யார் போட்டது இது?”

“நான்தான் சார். மாலை வகுப்புக்கு.”

“ரொம்பச் சுத்தமா இருக்கு.”

அரை நிமிடம் சந்தோஷப்பட்டேன்.

“ஆனா ஒவ்வொரு தடவையும் தப்பு வந்துக்கிட்டேதான் இருக்கு, இல்ல?”

“குறைஞ்சுக்கிட்டே வருது சார்.”

“குறையறது வேற, இல்லாம இருக்கறது வேற.”

அன்று மதியமே எங்கள் எல்லோரையும் கூப்பிட்டுப் பேசினார். வெள்ளிக்கிழமையிலிருந்து நிலையத்தின் பெயர் ‘கூப்பிடு தூரம்’. தலைமையகத்திலிருந்து அந்தப் பெயரை ஒரு நல்ல குரலில் பதிவு செய்து அனுப்பியிருக்கிறார்கள். இனி அறிவிப்பாளர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, பொத்தானை அழுத்தினால் போதும். என் அட்டவணை அவர் கையில் இருந்தது.

இதில் அண்ணிக்கு என்ன போகிறது என்று சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் பாட்டைத் தேர்ந்தெடுப்பது கணினி. செய்தி தலைமையகத்திலிருந்து வருகிறது. விளம்பரங்கள் பதிவு செய்தவை. அரைமணிக்கு ஒருமுறை நேரத்தையும் பெயரையும் சொல்லி, அதையொட்டி இரண்டு வார்த்தை பேசுவது மட்டும்தான் அண்ணிக்கு மிச்சமிருந்தது. அதுவும் பொத்தானுக்குப் போனால் அவர் அந்த அறையில் உட்கார்ந்திருப்பதற்குக் காரணமே இல்லை.

அண்ணி மெதுவாகத்தான் கேட்டார். “என் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, இது யார் வீடுன்னு சொல்ல வேற ஆளா சார்?”

மேலாளர் என் அட்டவணையை மடித்தார். “சரி. வெள்ளிக்கிழமை காலைல ஆறுலேருந்து பன்னெண்டு வரைக்கும் நீங்களே சொல்லுங்க. அரைமணிக்கு ஒண்ணு, மொத்தம் பதிமூணு தடவை. ஒண்ணுகூடத் தப்பலைன்னா எப்பவும் நீங்கதான். ஒண்ணு தப்பினாலும் மறுநாள்லேருந்து பொத்தான்.”

பேருந்தில் வீட்டுக்கு வரும்போது நான் அந்த அட்டவணையையே நினைத்துக்கொண்டிருந்தேன். அண்ணிதான் முழங்கையால் இடித்தார்.

“என்ன, நிமிஷம் நின்னுபோச்சா?”

“என்னாலதான அண்ணி எல்லாம்.”

“உன்னாலயா? பன்னெண்டு தடவை உளறினது நானு. நீ எண்ணினே, அவ்வளவுதான்.”

“வெள்ளிக்கிழமை தப்பா வந்தா நான் எழுதித்தான் ஆகணும்.”

“எழுது. எழுதாம விட்டேன்னு வை, வீட்டுக்குள்ள விடமாட்டேன்.”

கையில் ஐந்து நாள் இருந்தது. நான் அன்று இரவே ஒரு திட்டம் போட்டேன். நூறு வரி கொண்ட தாள்கள், ஒவ்வொரு வரியிலும் ‘நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது கூப்பிடு தூரம்’. காலையில் இருபது, மாலையில் இருபது என்று சத்தமாகப் படிக்க வேண்டும். பக்கத்தில் சரிபார்க்க ஒரு கட்டம். அண்ணி அந்தத் தாள்களை வாங்கி, “அடடா, என்ன கையெழுத்து” என்று பாராட்டிவிட்டு, பின்பக்கத்தில் மறுநாளைக்கான ஒலிபரப்புக் குறிப்புகளை எழுதிக்கொண்டார். எப்போதும்போல ஒவ்வோர் எழுத்தும் தீப்பெட்டி அளவு. ஒரு தாளில் நான்கு வரிதான் பிடிக்கும்.

அதற்குமேல் மாலை முழுக்கத் தொலைபேசி. அண்ணியிடம் ஒரு பழைய நோட்டு உண்டு. பதின்மூன்று வருடமாக நிலையத்துக்கு அடிக்கடி கூப்பிட்டுப் பேசும் நேயர்களின் எண்கள் அதில் இருக்கும். மூக்குக்கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்தி எண்ணைத் தேடி எடுத்து, பால்கனிக்குப் போய்விடுவார். உள்ளே சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கும். திங்கள் நாற்பத்தெட்டு நிமிடம், செவ்வாய் ஐம்பத்தைந்து என்று என் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறேன். பக்கத்தில் ‘பயிற்சி: இல்லை’ என்றும் எழுதியிருக்கிறேன். இப்போது அதைப் படிக்கக் கூச்சமாக இருக்கிறது.

அண்ணனுக்கும் கவலைதான். அவர் வீடுவீடாகப் போய்த் துணி துவைக்கும் இயந்திரம் பழுதுபார்ப்பவர். கவலையைக் கிண்டலாகத்தான் காட்டத் தெரியும்.

“பரீட்சையை வச்சுக்கிட்டு ஊர்க்கதை பேசற ஆளை இப்பதான் பாக்கறேன்” என்றார் பால்கனிப் பக்கம் பார்த்து.

“நீங்க மெஷினுக்குள்ள தலையை விட்டுக்கிட்டுப் பேசறீங்களே, அதைவிடவா?” என்று அண்ணி அங்கிருந்தே சொன்னார்.

நான் புதிய சின்னத்தை அண்ணனிடம் காட்டினேன். இரண்டு புள்ளிகள், ஒன்று பெரியது, ஒன்று சிறியது. பெரியதிலிருந்து ஒரு கோடு சிறியதை நோக்கிப் போகிறது, ஆனால் தொடாமல் ஒரு மயிரிழை இடைவெளியில் நின்றுவிடுகிறது.

“இது என்ன, உடற்பயிற்சிக் கூடமா ஆரம்பிக்கறாங்க? தூக்கற குண்டு மாதிரி இருக்கு.”

“ஒருத்தர் கூப்பிடறார், ஒருத்தர் கேக்கறார் அண்ணா. கோடு போய்ச் சேரறதுக்கு முன்னாடி நிக்குது பாருங்க. அங்க நாம கவனிச்சாதான் முழுசாகும்.”

அண்ணன் என்னையும் தாளையும் மாறிமாறிப் பார்த்தார். “வகுப்புக்குப் போய்க் கெட்டுப்போயிட்டே” என்றார். ஆனால் இன்னொரு தடவை வாங்கிப் பார்த்தார்.

எனக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான் இருந்தது. அது டப்பா. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எங்கள் ஒலிப் பொறியாளர் ஒரு விஷயம் சொன்னார். சட்டைப் பையில் எப்போதும் கம்பித் துண்டுகள் இருப்பதால் எல்லோரும் அவரை ‘ஒயரு’ என்பார்கள். “உங்க அண்ணி பேரைச் சொல்றப்ப கவனி. குனிஞ்சு டப்பாவைப் பாத்துக்கிட்டேதான் சொல்லுவாங்க.” அதிலிருந்து நானும் பார்த்துவந்தேன். உண்மைதான். ஒவ்வொரு முறையும் அண்ணியின் முகம் அந்தப் பெட்டியை நோக்கி ஓர் அங்குலம் தாழும். எதிரில் இருக்கும் பெயரைப் படிக்கிறார் என்று முடிவு செய்தேன். அப்படியானால் வெள்ளிக்கிழமை அந்தப் பெட்டியில் புதிய பெயர் சரியாக இருந்துவிட்டால் போதும்.

புதிய தாளை ஒட்டும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மாலை ஆறு மணிக்குமேல் எங்கள் சொந்த ஒலிபரப்பு கிடையாது. தலைமையகத்துப் பாட்டுகள்தான் ஓடும், அறை காலியாக இருக்கும். வியாழக்கிழமை ஆறரைக்கு டப்பாவைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். மூலைகள் மழுங்கியிருந்ததால் புதிய தாள் சுருங்கியது. ஒரு புள்ளி நீள்வட்டமானது.

“மேலயே ஒட்டும்மா” என்றார் ஒயரு பையை மாட்டிக்கொண்டே. “அஞ்சு சட்டை போட்டவனுக்கு ஆறாவது சட்டை மாட்டறதுல என்ன கஷ்டம்?”

“சுருக்கம் விழுது அண்ணே.”

“ரேடியோவுல யாரும்மா சுருக்கத்தைப் பாக்கப்போறாங்க?” என்று சிரித்துவிட்டு அவர் கிளம்பினார்.

நான் கேட்கவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரும் பழைய அளவுகோலும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாக உரித்தேன். டக்கர் சுலபமாக வந்தது. ஜன்னலின் மஞ்சள் கட்டம் கிழியாமல் வந்ததில் பெருமைப்பட்டேன். அலையும் வந்தது. மூன்றையும் என் பயிற்சி நோட்டின் நடுவில் வைத்துக்கொண்டேன். அதற்குக் கீழே இருந்த புறா மட்டும் அசையவில்லை. அந்தக் காலத்துப் பசை. அந்தக் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. சரி, அதன்மேலேயே ஒட்டிவிடலாம், பிசுபிசுப்பை மட்டும் துடைத்துவிடலாம் என்று ஒயருவின் மேசைக்கடியில் இருந்த மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்தேன். நன்றாகக் காய்ந்ததா என்று விரலால் மூன்று முறை தொட்டுப் பார்த்தேன். புதிய சின்னம் ஒரு சுருக்கமும் இல்லாமல் உட்கார்ந்தது. அன்று வகுப்புக்குப் போகவில்லை. அதற்கு வருத்தமும் படவில்லை.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு, ஒலிவாங்கி திறந்துவிட்டது என்று சொல்லும் சிவப்பு விளக்கு எரிந்தது. மேலாளர் என் நாற்காலிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அண்ணி தலையில் ஒலிகேட்பானை மாட்டி, பெட்டியை நோக்கி ஓர் அங்குலம் குனிந்தார்.

“காலை மணி ஆறு. நீங்க கேட்டுக்கிட்டிருக்கறது கூப்பிடு தூரம்.”

அவ்வளவுதான். ஏதோ அந்தப் பெயரில் பிறந்து வளர்ந்தவர்போல இருந்தது. ‘பெ. சரி’ என்று எழுதினேன். உடனே தொலைபேசி மணி அடித்தது. டயர் கடைக்காரர். “கேட்டுச்சுன்னு சொல்லிடும்மா” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். ஆறரைக்குப் பெயர் சொல்லி முடித்ததும் மாணவர் விடுதிச் சமையல்காரர். “கேட்டேன்னு அம்மாகிட்டச் சொல்லுங்க.” ஏழு மணிக்கு ஒரு தையல்கார அக்கா. எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். ‘நேயர் அழைப்பு, காரணம் தெரியவில்லை’ என்று எழுதிவைத்தேன். ஏழரை, எட்டு, எட்டரை, ஒன்பது. ஏழு சரி. மேலாளர் தன் அறைக்குப் போய்விட்டார். அங்கிருந்த வானொலிப் பெட்டியில் ஒலிபரப்பு கேட்டுக்கொண்டிருந்தது.

ஒன்பது இருபத்தாறுக்கு டப்பாவின் முன்பக்கத்தில், அண்ணிக்கு நேரே, தாளின் மேல் மூலை மெல்ல எழும்பியது.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். இருபத்தேழுக்குப் பாதி உரிந்து தொங்கியது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே போகலாம். ஆனால் கதவு திறக்கும் சத்தத்தில் அண்ணியின் கவனம் கலைந்தால்? போகாவிட்டால்? யோசித்து முடிப்பதற்குள் இருபத்தெட்டாகிவிட்டது. தாள் முழுதாகக் கழன்று மேசைமேல் விழுந்தது. அண்ணியின் முகத்துக்கு நேரே, கொழுத்த கழுத்தோடு, ‘புறா வானொலி’. அது அண்ணி முதன்முதலில் சொல்லப் பழகிய பெயர்.

சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. நான் எழுந்து நின்று இரண்டு கையையும் வீசினேன். பெட்டியைக் காட்டினேன், விரலை ஆட்டி ‘அது இல்லை’ என்றேன். புதிய சின்னத்தை நினைவுபடுத்த இரண்டு கைவிரல்களையும் வட்டமாக்கி முகத்துக்கு முன்னால் பிடித்தேன், இரண்டு புள்ளி என்று. ஒயரு வாயில் வைத்த ரொட்டியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி நிமிர்ந்தார். அந்த ஒருமுறை மட்டும் அவர் பெட்டியை நோக்கிக் குனியவில்லை. கண்ணாடி வழியாக நேராக என்னைப் பார்த்தார். புருவத்தைக்கூட உயர்த்தவில்லை.

“காலை மணி ஒன்பது முப்பது. நீங்க கேட்டுக்கிட்டிருக்கறது கூப்பிடு தூரம்.” ஒரு சின்ன இடைவெளி. “கேக்குதில்ல?”

நான் உட்கார்ந்தேன். ‘பெ. சரி’ என்று எழுதக் கொஞ்ச நேரம் பிடித்தது. அடுத்த பாட்டில் ஒயரு உள்ளே போய், தாளை எடுத்து நாலு துண்டு ஒட்டுநாடாவால் அழுத்திவிட்டு வந்தார். “மண்ணெண்ணெய் வாசனை வருதே” என்றார். நான் பதிவேட்டுக்குள் குனிந்துகொண்டேன்.

பத்து, பத்தரை, பதினொன்று, பதினொன்றரை. நான் பேனாவை மாற்றிமாற்றிப் பிடித்தேன். பன்னிரண்டு மணிக்குப் பதின்மூன்றாவது முறையும் அதே நிதானத்தில் வந்தது. அண்ணி அதோடு நிறுத்தாமல், “நம்ம மேலாளர் உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு ஆசைப்படறார்” என்று நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தார். இது நிகழ்ச்சிநிரலில் முன்பே இருந்ததுதான்.

மேலாளர் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். நான் எதிர்பார்த்ததைவிட இனிமையான குரல். புதிய பெயர் ஏன், புதிய சின்னம் ஏன் என்றெல்லாம் அழகாகச் சொல்லிவந்து, கடைசியில், “இத்தனை வருஷம் எங்களோட இருந்த பன்னீர் எஃப்.எம். நேயர்களுக்கு எங்கள் நன்றி” என்றார்.

பன்னீர் எஃப்.எம். அவர் இதற்கு முன் வேலை பார்த்த நிலையம். வேறு ஊர்.

சொல்லிமுடித்து இரண்டு விநாடி கழித்துத்தான் அது அவர் காதுக்கே கேட்டது. அண்ணி பாட்டைப் போட்டுவிட்டு, ரொம்பவும் மரியாதையாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலாளர் வெளியே வந்து என் மேசையருகே நின்றார். நான் சிவப்புப் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு எழுதாமல் உட்கார்ந்திருந்தேன்.

“என்னம்மா யோசிக்கறே? நான் மேலாளர்ங்கறதாலயா?”

“அதுக்கில்ல சார். இது நம்ம பழைய பெயர் இல்லையே. ப.பெ.ன்னு போடலாமான்னு தெரியல. இதுக்கு முன்னாடி யாரும் இப்படித் தப்பினதில்ல.”

ஒயரு இருமுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேலாளர் பேனாவை என் கையிலிருந்து வாங்கி, 12.04 என்ற நேரத்துக்கு எதிரே அவரே ‘ப.பெ.’ என்று எழுதினார். “என்னோட பழைய பெயர்தான, போட்டுக்கலாம்” என்றார். பிறகு பதிவேட்டின் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்தார். பதின்மூன்று ‘சரி’.

“பதிவு செஞ்சது தலைமையகத்திலேயே இருக்கட்டும்” என்று அண்ணியிடம் சொன்னார். “நீங்களே சொல்லுங்க. டீத்தூள் எங்க இருக்கு?”

அவர் போட்ட தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். யாரும் குறை சொல்லவில்லை.

பேருந்தில் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், டப்பாவை உரித்தது, மண்ணெண்ணெய், புறா. “அதைப் பாத்தும் எப்படி அண்ணி தடுமாறாம இருந்தீங்க?”

“எதைப் பாத்து?”

“புறாவை. உங்க மூக்குக்கு நேரா இருந்துச்சே.”

அண்ணி பக்கத்தில் யாரும் கேட்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார். “ஒலிகேட்பானை மாட்டினா மூக்குக்கண்ணாடி காதை அறுக்குது. அதைக் கழட்டிட்டுத்தான் உக்காருவேன். ரெண்டு மூணு வருஷமா அந்த டப்பாவுல என்ன இருக்குன்னே எனக்குத் தெரியாது. கலங்கலா ஒரு கலர் தெரியும், அவ்வளவுதான். பக்கத்தில இருக்கறதுதான் தெரியாது. தூரத்துல எல்லாம் பளிச்சுனு தெரியும். நீ நின்னு ஆடினது தெரிஞ்சுது. கையை வட்டமா வச்சுக் காட்டினியே, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கச் சொல்றே, நீ எப்படியோ கண்டுபிடிச்சுட்டேன்னு நினைச்சேன்.”

தீப்பெட்டி அளவு எழுத்துகள் எனக்கு நினைவுக்கு வந்தன. மூன்று வருடம் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நிமிடம் நிமிடமாக எழுதியவள், இதைக் கவனிக்கவில்லை.

“அப்போ குனிஞ்சு சொல்லுவீங்களே?”

“எதிர்ல ஒருத்தர் உக்காந்திருந்தா அப்படித்தான குனிவோம்?” அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். “அலைக்குக் கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பழகினேன், ஆறு தப்பு. ஜன்னலுக்கு உன்னை மாதிரி நூறு தடவை எழுதிப் பாத்தேன், நாலு. டக்கருக்கு உங்க அண்ணன்கிட்டச் சொல்லிச் சொல்லிப் பழகினேன். அவர் எங்க காதுல வாங்கினார்? இருந்தாலும் ரெண்டா குறைஞ்சுது. ஒரு ஆளுக்குச் சொன்னாதான் பேரு வாயில நிக்குதுன்னு அப்பதான் புரிஞ்சுது. அதனால இந்தத் தடவை நோட்டுல இருக்கற நாப்பது பேருக்கும் போன் பண்ணி ஒவ்வொருத்தருக்கா சொல்லிட்டேன். இனிமே நாங்க கூப்பிடு தூரம்னு. ‘என்னது, என்னது’ன்னு எல்லாரும் ரெண்டு தடவை சொல்ல வச்சாங்க. இன்னைக்கு ஒவ்வொரு அரைமணிக்கும் அதுல ஒருத்தரை எதிர்ல உக்கார வச்சுச் சொன்னேன். ஆறு மணி டயர் கடைக்காரருக்கு. ஆறரை விடுதிச் சமையல்காரருக்கு.”

கேட்டுச்சுன்னு சொல்லிடும்மா. நான் பதிவேட்டில் ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதியிருந்தேன்.

“ஒன்பதரை யாருக்கு?”

“பழைய பஸ் ஓட்டுநர் ஒருத்தருக்குன்னு வச்சிருந்தேன். அதுக்குள்ள நீ கையையும் காலையும் வீசிக்கிட்டு நின்னே. அவரைவிட உனக்குத்தான் தேவைன்னு தோணுச்சு.”

எங்கள் நிறுத்தம் வந்தது. அண்ணி முன்னால் இறங்கினார். வீட்டுக்குப் போனதும் அந்த ஓட்டுநருக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

மறுநாள் காலை, புதிய பக்கத்துக்குக் கோடு போடும்போது நேரம், நிகழ்ச்சி, பெயர் என்ற மூன்று பத்திகளுக்கு அடுத்து ‘யாருக்கு’ என்று ஒரு பத்தி சேர்த்தேன். அதைக் கேட்டு எழுதுவதற்கு எனக்கு உரிமை இருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தது. அழிப்பானைக் கையில் எடுத்தும்விட்டேன். அதற்குள் மணி ஆறாகி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணி ஓர் அங்குலம் குனிந்தார். அந்தப் பத்தியை அப்படியே காலியாக விட்டுவிட்டு, நேரத்தை எழுதினேன்.